80 வீதமும் நண்பன் வைத்த கையெழுத்தும்



செமஸ்டர் பரீட்சை நெருங்கும்போது பல்கலைக்கழகப் பீடங்களின் அறிவித்தல் பலகையில் ஒரு பட்டியல் தொங்கும். வரவு 80 வீதத்துக்குக் குறைந்ததால் பரீட்சைக்குத் தோற்ற முடியாத மாணவர்களின் பதிவிலக்கங்கள் அதில் இருக்கும். இப்போதெல்லாம் அதை யாராவது படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டுவிடுவதால் பிள்ளைக்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. அன்றைக்குச் சில வீடுகளில் சோறு இறங்காது. உம்மா அழுவார். வாப்பா கெம்பஸில் ஆள் தேடுவார்.

ஆசிரியர் என்பதால் என்னிடமும் வருகிறார்கள். "சேர், மகள்ட நம்பர் லிஸ்ட்ல வந்திரிக்கி. கெம்பஸ்ல உங்களுக்குத் தெரிஞ்ச ஆக்கள் ஆராச்சும் இரிக்காங்களா?" முதல் கேள்வி எப்போதும் இதுதான். எத்தனை வகுப்பு தவறியது, ஏன் தவறியது, அந்த எண்ணிக்கை சரிதானா என்று கேட்பவர்கள் குறைவு. ஆள் பிடித்தால் முடியும் என்று நினைக்கிறோம். சில இடங்களில் முடிந்தும் இருக்கிறது என்பதுதான் இதில் பெரிய கேடு.

இதை எழுதுவது எந்தக் கெம்பஸையும் குறை சொல்வதற்காக அல்ல. ஒலுவிலாக இருந்தாலும் வந்தாறுமூலையாக இருந்தாலும் பேராதனையாக இருந்தாலும் நமது பிள்ளைகள் படிக்கும் எல்லா இடத்திலும் இந்தப் பிரச்சினை ஏதோ ஒரு வடிவில் உண்டு. ஏச நினைப்பவர்கள் கடைசிவரை வாசித்துவிட்டு ஏசுங்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பெற்றோரில் பலருக்கு இது தெரியாது. பிள்ளைகளில் பலருக்கும் தெரியாது என்பதுதான் ஆச்சரியம்.

பொதுவாக ஒரு செமஸ்டர் 15 கிழமை. மூன்று கிரெடிட் பாடம் ஒன்றுக்கு விரிவுரை 45 மணித்தியாலம். அதில் 80 வீதம் என்றால் 36. ஆக, ஒரு பிள்ளை முழுச் செமஸ்டரிலும் 9 மணித்தியாலம் வராமல் இருக்கலாம். கேட்க நிறைய இருப்பது போலத் தோன்றும். ஆனால் அந்தப் பாடம் கிழமைக்கு ஒரு நாள், தொடர்ந்து மூன்று மணித்தியாலம் நடப்பதாக இருந்தால்? மூன்று நாள். அவ்வளவுதான். நாலாவது நாள் தவறினால் 15இல் 11, அதாவது 73 வீதம். ஒரு டெங்குக் காய்ச்சலுக்கு இரண்டு கிழமை போகும். வீட்டில் ஒரு மௌத், அல்லது மழைக்குப் பாதை மூடிய ஒரு நாள். கணக்கு முடிந்தது.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. விரிவுரையாளர் 15 வகுப்பையும் நடத்தாமல் 12 மட்டும் நடத்தினார் என்று வையுங்கள். பிள்ளைக்கு வசதி என்றுதான் நினைப்போம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 12இல் 9 என்றால் 75 வீதம், போதாது. 10 வேண்டும். ஆக, மூன்று நாள் தவறலாம் என்றிருந்த பிள்ளைக்கு இப்போது இரண்டு நாள்தான். விரிவுரையாளர் வராமல் இருந்ததற்கு மாணவனின் விடுமுறை குறைகிறது! விட்ட வகுப்புக்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமை ஒன்று வைக்கிறேன் என்று சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு வட்ஸ்அப்பில் செய்தி போடுகிறவர்களும் உண்டு. வியாழக்கிழமையே பஸ் ஏறி வீட்டுக்கு வந்த பிள்ளை என்ன செய்யும்? அதுவும் வரவில்தான் விழும்.

எங்களுக்குப் பாடசாலையில் வரவுப் பதிவேடு இருக்கிறது. காலை 7.30 தாண்டினால் சிவப்புக் கோடு விழும். கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைக்கும் வெட்கம் எந்த ஆசிரியருக்கும் தெரியும். மாணவரின் இடாப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒருவருக்கு முதலில் தன்னுடைய இடாப்பு இருக்க வேண்டும் என்பது என் கருத்து. 2012இல் விரிவுரையாளர்களின் வேலைநிறுத்தம் ஏறக்குறைய நூறு நாள் நடந்தது. 2024இல் கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தத்தில் பல்கலைக்கழகங்கள் இரண்டு மாதத்துக்கு மேல் முடங்கின. அவர்களின் கோரிக்கைகளில் நியாயம் இருந்ததா இல்லையா என்பது வேறு விடயம். அந்த மாதங்களுக்கு எவரும் யாரிடமும் 80 வீதம் கேட்கவில்லை. பிள்ளைகளின் வயதுதான் போனது.

இனி, வரவு எப்படிப் பதியப்படுகிறது என்று பாருங்கள்.

பெரும்பாலான இடங்களில் இன்றைக்கும் ஒரு தாள்தான். பதிவிலக்கங்கள் அச்சிட்ட தாள் முன் வாங்கிலிருந்து புறப்படும். ஒவ்வொருவராகக் கையெழுத்து வைத்துப் பின்னால் அனுப்புவார்கள். நூறு, நூற்றைம்பது பேர் இருக்கும் மண்டபத்தில் அந்தத் தாள் ஊர்ந்து ஊர்ந்து கடைசி வாங்குக்குப் போய்ச் சேர முக்கால் மணித்தியாலம் ஆகும். விரிவுரையாளர் பாடத்தைப் பார்ப்பாரா, தாளைப் பார்ப்பாரா? கடைசியில் பச் ரெப் அதை வாங்கிக் கொடுப்பார். அலுவலகத்தில் யாரோ ஒரு எழுதுனர் அதைக் கணினியில் ஏற்றுவார். அந்தத் தாளில் இருக்கும் கோடும் சுழியும் உண்மையில் யாருடையது என்று பார்க்க அங்கே யாரும் இல்லை.

அந்த இடைவெளியில்தான் "மச்சான், எனக்கும் ஒரு சைன் வெச்சிரு" நடக்கிறது. இது பல்கலைக்கழகத்தில் களவாகவே கருதப்படுவதில்லை. நட்பு என்கிறார்கள். வைக்க மறுப்பவனுக்குத்தான் கெட்ட பெயர். 'பெரிய அவுலியா' என்று பட்டம் கிடைக்கும். சில பச்சுகளில் முறை போட்டே செய்கிறார்கள். இன்றைக்கு நீ போ, நாளைக்கு நான் போகிறேன், நாலு பேருக்கும் சைன் விழும்.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். ஒரு பிள்ளைக்கு உண்மையிலேயே சுகமில்லை. நாலு நாள் போகவில்லை. யாரிடமும் சைன் வைக்கச் சொல்லவும் இல்லை. இன்னொரு பிள்ளை பதினைந்தில் எட்டு நாள் ஹொஸ்டலில் தூங்கியது. நண்பர்கள் பார்த்துக்கொண்டார்கள். பட்டியலில் யாருடைய இலக்கம் வரும்? அந்தப் பலகையில் தொங்குவது வகுப்புக்குப் போகாதவர்களின் பட்டியல் அல்ல. சைன் வைத்துக்கொடுக்க ஆள் இல்லாதவர்களின் பட்டியல். விதி யாரைப் பிடிக்க எழுதப்பட்டதோ அவன் தப்புகிறான், நேர்மையாக வீட்டில் படுத்திருந்தவள் மாட்டுகிறாள். இது தொடர்ந்தால் அடுத்த செமஸ்டரில் அந்தப் பிள்ளையும் ஒரு நண்பியைத் தேடிக்கொள்ளும். அதுதான் அங்கே அது கற்றுக்கொள்ளும் முதல் பாடமாக இருக்கும்.

மெஷின் வைத்தால் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். விரல் அடையாள இயந்திரம் வைத்த இடங்களில் நடந்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வாசலில் விரலை வைத்துவிட்டு நேராகக் கென்டீனுக்குப் போவது. இருநூறு பேர் ஒரே இயந்திரத்துக்கு முன் வரிசையில் நிற்கப் பாடத்தில் கால் மணித்தியாலம் போவது. கொரோனா வந்ததும் விரல் வைப்பது நின்றது. இப்போது திரையில் கியூ.ஆர் கோட் காட்டுகிறார்கள், மாணவன் போனால் ஸ்கேன் பண்ண வேண்டும். முன் வாங்கில் இருப்பவன் அதைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டால், அறையில் படுத்திருப்பவனும் 'வந்து'விடுகிறான். சில இடங்களில் கோட் சில வினாடிக்கு ஒருமுறை மாறும்படி செய்கிறார்கள். அதற்கு வீடியோ கோல் இருக்கிறது. கையில் நல்ல போன் இல்லாத பிள்ளை மட்டும் வகுப்பில் உட்கார்ந்துகொண்டே 'வரவில்லை' ஆகும்.

2020, 2021 காலத்தில் சூம் வகுப்பு நடந்ததை எல்லோரும் வீட்டில் பார்த்தோம். பல்கலைக்கழகக் கற்றல் தளங்களுக்கு டேட்டா இலவசமாகக் கிடைக்க ஏற்பாடு செய்தார்கள், அது நல்ல வேலை. ஆனால் டேட்டா இருந்தும் சிக்னல் இல்லாத பிள்ளைகள் மரத்திலும் மலையிலும் ஏறிய படங்கள் பத்திரிகைகளில் வந்தன. அதே நேரத்தில் போனைத் திறந்துவைத்துவிட்டு கிரிக்கெட் விளையாடப் போன பிள்ளைகளும் இருந்தார்கள். இரண்டு பேரில் யாருக்கு முழு வரவு பதிவானது என்று நான் சொல்லத் தேவையில்லை.

இயந்திரத்தால் அளக்க முடிவது விரலையும் போனையும்தான். ஆள் இருக்கிறானா என்று பார்க்க இன்னொரு ஆள் தலையை நிமிர்த்திப் பார்க்க வேண்டும். முப்பது பேர் இருக்கும் வகுப்பில் பெயர் கூப்பிட மூன்று நிமிடம் போதும். அதைச் செய்கிற விரிவுரையாளர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள், அவர்களின் வகுப்பில் இந்தத் தில்லுமுல்லு குறைவு என்று பிள்ளைகளே சொல்கிறார்கள். நூற்றைம்பது பேருக்கு முடியாதுதான். ஆனால் தாளை முடிந்ததும் எண்ணிப் பார்த்து, தலைகளையும் எண்ணிப் பார்க்கலாமே? தாளில் 140, மண்டபத்தில் 90 என்றால் அன்றைக்கே கேட்கலாம்.

சரி, இது அவர்களின் பக்கம். இனி நம்முடைய பக்கத்துக்கு வருகிறேன். இது சிலருக்குக் கசக்கும்.

பல்கலைக்கழகம் போனதும் பிள்ளை கெட்டுப்போய்விட்டது என்கிறோம். இல்லை. இந்தப் பழக்கம் நமது ஊர்ப் பாடசாலைகளின் உயர்தர வகுப்பில் தொடங்குகிறது. உயர்தரப் பரீட்சைக்குப் பாடசாலை ஊடாகத் தோற்றும் மாணவருக்கும் 80 வீத வரவு வேண்டும் என்றுதான் விதி. கொரோனாவுக்குப் பின் சில காலம் அதைத் தளர்த்தினார்கள், பிறகு மீண்டும் வலியுறுத்தினார்கள். ஆனால் நடப்பது என்ன? பரீட்சைக்கு ஆறு மாதம் இருக்கும்போதே 13ஆம் வகுப்பு காலியாகிவிடும். பிள்ளைகள் டியூஷனில். காலை எட்டு மணிக்குப் பாடசாலை நேரத்திலேயே கிளாஸ் நடத்துபவர்கள் இருக்கிறார்கள், அனுப்பும் பெற்றோரும் இருக்கிறார்கள். பரீட்சை விண்ணப்பம் அனுப்பும் நேரம் வந்ததும் அதே பெற்றோர் வந்து நிற்பார்கள். "எப்பிடியாச்சும் வரவப் போட்டுக் குடுங்க சேர், புள்ளைட எதிர்காலம்."

இந்த வார்த்தையை என்னிடம் சொன்னவர்களில் ஹாஜிமார் இருக்கிறார்கள், பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர்கள் இருக்கிறார்கள். பள்ளியில் ஒரு ரூபாய்க் கணக்குப் பிசகினால் கூட்டம் கூட்டுபவர்கள். நான் மறுத்தபோது, "மத்த ஸ்கூல்ல எல்லாம் போடுறாங்களே" என்றார்கள். பக்கத்தில் பிள்ளை நின்று கேட்டுக்கொண்டிருக்கிறது. வாப்பா தனக்காக ஒரு பொய் எழுத்தைக் கேட்டு வாங்குவதைப் பார்த்த அந்தப் பிள்ளை, ஒரு வருடத்தில் கெம்பஸுக்குப் போய், நண்பனிடம் ஒரு சைன் கேட்டால் நாம் எந்த முகத்தோடு ஏசுவது?

பொய்ச் சாட்சி சொல்வதைப் பெரும்பாவங்களோடு சேர்த்து நபியவர்கள் (ஸல்) எச்சரித்தது நமது மதரஸாவில் படிக்கும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நீதிமன்றத்தில் கூண்டில் ஏறிச் சொல்வது மட்டும்தான் சாட்சியா? 'இவன் இன்றைக்கு இங்கே இருந்தான்' என்று ஒரு அரச ஆவணத்தில் எழுதுவது சாட்சி இல்லாமல் வேறென்ன? நான் ஆலிம் இல்லை. ஃபத்வா கொடுக்க வரவில்லை. உலமாக்கள் ஒரு குத்பாவில் இதைப் பற்றிப் பேசினால் நன்றாக இருக்கும் என்பதே என் வேண்டுகோள்.

ஜும்ஆ என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. நமது பகுதிக்கு வெளியே படிக்கும் ஆண் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை நண்பகலில் விரிவுரை இருப்பது பெரிய சோதனை. 12 மணிக்குத் தொடங்கி 2 மணிக்கு முடியும் வகுப்பு என்றால் ஜும்ஆவும் அதற்குள்தான். பதினைந்து வெள்ளியும் போனால் அந்தப் பாடத்தில் வரவே இல்லை. என்ன செய்கிறார்கள்? நண்பனிடம் சைன் வைக்கச் சொல்லிவிட்டுத் தொழப் போகிறார்கள். தொழுகைக்காக ஒரு பொய்! முதல் கிழமையிலேயே நாலு பேர் சேர்ந்து விரிவுரையாளரிடம் போய், "சேர், இது எங்களுக்குக் கட்டாயக் கடமை, நேரத்தைக் கொஞ்சம் மாற்ற முடியுமா, முடியாவிட்டால் இந்த ஒரு மணித்தியாலத்துக்கு எழுத்தில் அனுமதி தருவீர்களா" என்று கேட்டால் பலர் ஒத்துக்கொள்கிறார்கள். என்னிடம் படித்துப் போன மாணவர்கள் சிலர் இப்படிக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள், சிங்கள விரிவுரையாளர்களிடமிருந்தும்தான். கேட்பதற்குக் கூச்சம், களவுக்குக் கூச்சம் இல்லை என்ற நிலை மாற வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் இந்தப் பதிவு அநியாயமாகிவிடும். 2022இல் பெற்றோல் வரிசையும் விலையேற்றமும் வந்த பிறகு எத்தனையோ வீடுகளில் படிக்கும் பிள்ளையே உழைக்கவும் வேண்டியதானது. இரவு கடையில் நின்று கணக்கு முடித்துவிட்டுக் காலை வகுப்புக்குப் போகும் ஆண் பிள்ளைகள் இருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன் கொடுத்து ஹொஸ்டல் சாப்பாட்டுக் காசைத் தேடும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். மஹாபொல 5,000 ரூபாயாக இருந்தது, பிறகு 7,500 ஆக்கினார்கள். வெளியே அறை எடுத்துத் தங்கும் பிள்ளைக்கு அது அறை வாடகைக்கே காணாது. படிக்கும் காலத்திலேயே கல்யாணம் செய்துகொடுத்து, கர்ப்பமான மகளை மூன்று பஸ் மாறி அனுப்பும் குடும்பங்களும் நம்மில் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் 80 என்ற ஒரே எண்தான். இவர்களுக்காகப் பேச வேண்டிய இடம் பீடாதிபதியின் அலுவலகம். அங்கே எழுத்தில், காரணத்தோடு, முன்கூட்டியே பேச வேண்டும். சுகமில்லாமல் போனால் வைத்தியச் சான்றிதழைக் குறித்த நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்ற விதி இருக்கும். பட்டியல் தொங்கிய பிறகு, மூன்று மாதத்துக்கு முந்திய காய்ச்சலுக்கு இன்றைக்குத் துண்டு எழுதி வாங்கிக்கொண்டு ஓடினால் யார் நம்புவார்கள்? பொய்த் துண்டு எழுதிக் கொடுக்கும் டொக்டர்களைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

வரவு விதியே வேண்டாம், இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு எதற்கு இடாப்பு என்று கேட்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். ஸ்லைட்டைப் போட்டு அதையே வாசித்துவிட்டுப் போகும் விரிவுரைக்கு ஏன் போக வேண்டும் என்கிறார்கள். இந்தக் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. வகுப்பு நன்றாக இருந்தால் பிள்ளை வரும், இடாப்பு வேண்டியதில்லை. பாடசாலையிலும் இதே கதைதான், பிள்ளை எந்த ஆசிரியரின் பாடத்துக்கு ஓடி வருகிறது என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் மற்றப் பாதியை யோசியுங்கள். ஆய்வுகூடத்துக்கும் வைத்தியசாலை வாட்டுக்கும் கற்பித்தல் பயிற்சிக்கும் போகாமல் யாரோ வைத்த கையெழுத்தில் பட்டம் பெற்று வரும் ஒருவரிடம் நாளைக்கு உங்கள் உம்மாவை மருந்துக்குக் கூட்டிப் போவீர்களா? அந்த வகுப்புகளில் நான் 80 அல்ல, 90 கேட்பேன். வெறும் விரிவுரையில் கொஞ்சம் இறங்கிப் போகலாம். எல்லாவற்றுக்கும் ஒரே எண் என்பதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

இந்த இடங்கள் சும்மா கிடைத்தவையும் அல்ல. 1945இல் கன்னங்கரா அவர்களின் காலத்தில் பல்கலைக்கழகம் வரைக்கும் இலவசமாக்கப்பட்ட கல்வி இது. உயர்தரத்தில் தகுதி பெறும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பதில்லை. ஒலுவில் கெம்பஸ் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி அடுத்த ஆண்டே முழுப் பல்கலைக்கழகமானதற்கு மர்ஹூம் அஷ்ரப் அவர்கள் என்ன பாடுபட்டார் என்பதை நமது தலைமுறை கண்ணால் கண்டது. உங்கள் பிள்ளை அறையில் தூங்கிய அந்தக் கதிரை, இரண்டு புள்ளியில் தவறிய பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்திருக்கும்.

பல்கலைக்கழகங்களில் வேலை செய்யும் நமது ஊரவர்கள் பலர் இதை வாசிப்பார்கள் என்பதால் அவர்களிடம் நேராகவே கேட்கிறேன். வரவு விபரத்தைச் செமஸ்டர் முடிவில் பலகையில் போடாமல் மாதம் ஒருமுறை போடுங்கள். ஐந்தாவது கிழமையில் 'நீ ஏற்கனவே இரண்டு நாள் வரவில்லை' என்று தெரிந்தால் எந்தப் பிள்ளையும் விழித்துக்கொள்ளும். பிழையாகப் பதிந்திருந்தால் அப்போதே திருத்தலாம். கணினியில் ஏற்றும் எழுதுனரிடம் ஒரு வரி மாறினால் ஒரு வருடம் போகிறது, அதைச் சொல்லிக் கேட்கவும் பிள்ளைக்கு நேரம் இல்லை. நடத்திய வகுப்பு எத்தனை, நடத்தாதது எத்தனை என்பதையும் அதே தாளில் போடுங்கள். மூன்று மணித்தியால வகுப்புக்கு ஒரே கையெழுத்து வாங்காமல் மணித்தியாலத்துக்கு ஒன்று வாங்கினால், பஸ் பிந்தி அரை மணித்தியாலம் தாமதித்து வந்த பிள்ளை மூன்றையும் இழக்காது. இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

பெற்றோரே, இந்தக் கிழமை வீட்டுக்கு வரும் மகனிடமோ மகளிடமோ ஆறுதலாக இருந்து கேளுங்கள். ஒவ்வொரு பாடத்திலும் எத்தனை வகுப்பு நடந்தது, எத்தனைக்குப் போனாய், தாளில் உன் பெயருக்கு நேரே இருப்பதில் எத்தனை உன்னுடைய கையெழுத்து? ஏசாமல் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் வரச் சுணங்கும், அவசரப்படுத்த வேண்டாம். இன்னும் செமஸ்டர் முடியவில்லை என்றால் மிச்சமிருக்கும் கிழமைகளை எண்ணிப் பாருங்கள், பலருக்கு இன்னும் நேரம் இருக்கும்.

உயர்தர வகுப்புப் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் 12ஆம், 13ஆம் வகுப்பு வரவை மாணவர் வாரியாக உங்கள் கையில் தரும்படி அதிபரிடம் கேட்கப் போகிறேன். காலை எட்டு மணிக் கிளாஸுக்குப் பிள்ளையை அனுப்புகிறவர்கள் அதை ஏன் பின்னேரத்துக்கு மாற்ற முடியாது என்று அந்தக் கிளாஸ் நடத்துபவரிடம் இந்தக் கிழமையே பேசிவிட்டு வாருங்கள்.